வில்லியின் ஊரும் துப்பாக்கிப் பதிவேடும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு ஊர்களின் பெயர்களிலும் ஆயுதம் இருக்கிறது. பாளையம் என்றால் படை இறங்கித் தங்கும் இடம். விஜயநகர காலத்தில் தெற்கே வந்த ராஜுக்கள் தங்கிய பாளையம் நாளடைவில் ஊராகி, ராஜபாளையம் ஆயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ பெயரே வில்லியின் பெயர். வில்லி, கண்டன் என்று வேடர் குலத்து அரசகுமாரர் இருவர் காட்டுக்கு வேட்டைக்குப் போனார்கள். கண்டனைப் புலி கொன்றுவிட்டது. தம்பியைத் தேடிக் களைத்துத் தூங்கிய வில்லியின் கனவில் பெருமாள் தோன்றினார். அவன் காட்டை வெட்டித் திருத்திக் கோயிலும் ஊரும் கண்டான் என்கிறது தல புராணம். ஆண்டாள் பிறந்த ஊர், பால்கோவா ஊர் என்றெல்லாம் நாம் இன்று அறிந்திருக்கும் இந்த ஊர், கதையின்படி ஒரு வில்லாளி புலிக்காட்டிலிருந்து பிடுங்கி எடுத்த ஊர்.

இன்று அந்த வில்லி உயிரோடு எழுந்து வந்து, தோளில் வில்லை மாட்டிக்கொண்டு மேற்கே மலையை நோக்கி நடந்தால் என்ன ஆகும்? செண்பகத்தோப்புக்கு அப்பால் வனத்துறைக் காவலர் அவனை நிறுத்திவிடுவார். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்று சொல்லும்போது துப்பாக்கியை மட்டும் சொல்லவில்லை. வில்லும் அம்பும், கத்தியும், வலையும், கண்ணியும், தூண்டில் முள்ளும், விஷமும் எல்லாமே அதில் அடக்கம். எழுத்து மூலமான அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் இவற்றில் எதையும் கொண்டு போகலாகாது. இந்தியா முழுதும் செல்லுகிற லைசென்ஸ் ஒருவர் சட்டைப்பையில் இருந்தாலும் சரி, அங்கே அது செல்லாது.

நான் சொல்ல வருவது இந்த விசித்திரத்தைப் பற்றித்தான். பெரிய சர்க்கார் ஒரு காகிதம் கொடுக்கிறது. 'இவர் நம்பத் தகுந்தவர், துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், எடுத்துச் செல்லலாம்' என்கிறது அந்தக் காகிதம். சின்ன எல்லை ஒன்று குறுக்கே வந்து, 'இருக்கட்டும். எங்கள் பதிவேட்டிலும் பேரை எழுதிவிட்டுப் போம்' என்கிறது. எதன் வார்த்தை செல்லும்? கேள்வி மேல்பார்வைக்கு வக்கீல் வீட்டுத் திண்ணைக் கேள்வியாகத் தோன்றும். ஆனால் இருநூறு வருஷத்துச் சரித்திரம் அதற்குப் பின்னால் நிற்கிறது. மலையடிவாரத்தில் ராத்திரி காவல் இருக்கிற குடியானவனின் தூக்கமும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

சரித்திரத்தை 1801-லிருந்து ஆரம்பிக்கலாம். அதற்கு முன்பெல்லாம் இந்தச் சீமையில் ஆயுதத்துக்கு லைசென்ஸ் என்ற பேச்சே கிடையாது. சேற்றூர், சிவகிரி, கொல்லங்கொண்டான் என்று மலையை ஒட்டி வரிசையாகப் பாளையங்கள். ஒவ்வொன்றுக்கும் காடு, கோட்டை, படை உண்டு. ஊர்க்காவல் பாளையக்காரர் பொறுப்பு. அதற்குக் காவல் வரி அவருக்கு உரிமை. ஈட்டியும் துப்பாக்கியும் அந்த உத்தியோகத்தின் கருவிகள். இவற்றோடு வளரி என்ற வளைந்த எறிகருவியும் சேர்த்தி. சின்ன மருதுவிடம் நட்பாயிருந்தபோது ஈட்டியெறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றுக்கொண்டதாக ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்காரத் தளபதி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். பிறகு அதே மருதுவை எதிர்த்து அவர் யுத்தம் செய்ய வேண்டி வந்தது.

1799 அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1801 அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணோடு மண்ணாயிற்று. அவ்வருஷம் டிசம்பர் முதல் தேதியில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பிளாசியில் யுத்தம் செய்த கிளைவின் மகன் இவர். பாளையக்காரர்களின் கோட்டைகள் இனி இருக்கலாகாது. ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும். பதிலுக்குச் சர்க்கார் நிலவரியை நிரந்தரமாக நிர்ணயித்துக் கொடுக்கும் என்பது அதன் சாரம். 1803-ல் அந்த நிர்ணயம் நடந்தது. பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். வாளை வைத்துவிட்டு வரிக்கணக்கைக் கையில் எடுத்தார்.

பிரகடனத்தின் உட்கருத்தைக் கவனிக்க வேண்டும். ஆயுதத்தைக் கொடுத்துவிடு, உனக்குச் சமாதானமும் சொத்தும் தருகிறேன் என்று ஆள்கிறவன் சொல்கிறான். பேரம் நியாயம் போலவே படும். ஆனால் அந்த நாள் முதற்கொண்டு ஆயுதம் என்பது ஒருவன் கையில் இருக்கும் பொருளாக இல்லாமல், சர்க்கார் ஒருவன்மேல் வைக்கும் நம்பிக்கையின் அடையாளமாக மாறிவிட்டது. பின்னால் வந்த சட்டங்களெல்லாம், யாரை நம்புகிறோம், யாரை நம்பவில்லை என்று சர்க்கார் எழுதிய பட்டியல்கள்தாம்.

குடகு தேசத்தைப் பாருங்கள். 1857 கலகத்துக்குப் பின் நாடெங்கும் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டிருந்த சமயம். 1861-ல் குடகர்களுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. கலக காலத்தில் காட்டிய விசுவாசத்துக்கு அது சன்மானம். வெள்ளைக்காரன் போய்விட்டான், சலுகை போகவில்லை. குடகு இனத்தாரும் ஜம்மா நிலம் உடையவர்களும் லைசென்ஸ் இல்லாமலே சில வகைத் துப்பாக்கிகளை வைத்துக்கொள்ளலாம் என்ற விலக்கு இன்றும் இருக்கிறது. 2019-ல் அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்திருக்கிறார்கள். ஒரே தேசத்தில், ஒரே மேற்கு மலைத் தொடரில், வடக்கே ஒரு குடியானவனுக்கு லைசென்ஸ் வேண்டாம்; தெற்கே ஒரு குடியானவனுக்கு லைசென்ஸும் வேண்டும், அதற்கு மேல் பதிவும் வேண்டும்!

1878-ல் வைசிராய் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. அதே வருஷத்தில்தான் சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டமும் வந்தது. ரிப்பன் பிரபு 1882-ல் பத்திரிகைச் சட்டத்தை எடுத்துவிட்டார். ஆயுதச் சட்டத்தைத் தொடவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்தாலும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை! லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் மூன்று வருஷம் வரை சிறை. அதையே அதிகாரிகள் அறியாதபடி ஒளித்துச் செய்தால் ஏழு வருஷம் வரை. வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு, பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் சிலருக்கும் விலக்கு. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் இந்தச் சட்டத்தைக் கண்டித்து விபின் சந்திர பாலர் முழங்கினார். இன வேறுபாடு விதிகளிலிருந்து நீங்குவதற்கு முதல் உலக யுத்தம் முடிய வேண்டியிருந்தது.

சட்டத்தின் எல்லை முடிகிற இடத்தில் அதன் அதிகாரமும் முடிந்துவிடுகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. அவருக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர் வ. வே. சு. ஐயர், கற்றுக்கொடுத்த இடம் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுக்காரர் கொடி பறந்தது. லிட்டனின் சட்டம் அங்கே செல்லாது. ஒரு ராத்திரி ரயில் பயண தூரத்தில் வேறு சட்டம்! வேஷ்டி மடிப்பில் மறைந்துவிடக் கூடிய கருவிக்கு எல்லைக்கோடு எம்மாத்திரம்?

அதே 1911-ல், உலகத்தின் மறுகோடியில், நியூயார்க் மாநிலத்தார் சலிவன் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றினார்கள். மறைத்து எடுத்துச் செல்லக் கூடிய கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. ஆயுதம் தரிப்பதை 1791-லேயே அரசியல் சட்டத் திருத்தமாக எழுதிக்கொண்ட அமெரிக்கர்களுக்கு இது புதிய கட்டுப்பாடு. அங்கே இன்னொரு சிக்கலும் முளைத்தது. மாநிலத்தில் வேறெங்கே கொடுத்த லைசென்ஸானாலும், நியூயார்க் நகரத்துப் போலீஸ் கமிஷனர் தனி அனுமதி கொடுத்தாலன்றி நகரத்துக்குள் செல்லாது. மேற்கே நெவாடா மாநிலத்தில் லாஸ் வேகாஸ் நகரைக் கொண்ட கிளார்க் ஜில்லாவில், ஒவ்வொரு கைத்துப்பாக்கியையும் ஜில்லாப் போலீஸாரிடம் பதிந்து நீல அட்டை ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வெகுகாலம் விதி இருந்தது. மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதியோ மாநிலம் முழுதும் செல்லுவது. 'மாநிலம் நம்புகிற என்னை ஒரு ஜில்லா ஏன் சந்தேகிக்கிறது?' என்று துப்பாக்கிக்காரர்கள் கேட்டார்கள். 'எங்கள் ஊர்த் தெரு எங்களுக்குத்தானே தெரியும்?' என்று ஜில்லாவின் பக்கத்தவர் சொன்னார்கள். கடைசியில் 2015-ல் மாநில சட்டசபை ஜில்லாவின் பதிவேட்டையே ரத்து செய்துவிட்டது.

அந்தச் சண்டை நம் நாட்டில் அப்படியே நடக்க முடியாது. காரணம் நம்முடைய அரசியல் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் உருவான கதையில் ராஜபாளையத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1930 ஜனவரியில், உப்பு சத்யாக்கிரகத்துக்கு முன்னால், காந்திஜி இர்வின் பிரபுவுக்குப் பதினொரு கோரிக்கைகள் விடுத்தார். உப்பு வரி நீங்க வேண்டும், நிலவரி பாதியாக வேண்டும் என்பவற்றோடு, தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வேண்டும், அது ஜனங்களின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்சையின் அவதாரம் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டாரா என்று திகைப்பவர்கள் உண்டு. திகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயுதம் எடுக்க வகையற்றவன் எடுக்காமலிருப்பது அஹிம்சை ஆகாது. எடுக்க முடிந்தவன் வேண்டாம் என்று வைப்பதுதான் அஹிம்சை என்பது அவர் கட்சி. மறுவருஷம் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமகனின் உரிமைகளில் ஒன்றாகவே தீர்மானித்தது.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்த உரிமையைச் சேர்க்க வேண்டும் என்று ஹெச். வி. காமத் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. பிரிவினையின் ரத்தம் அப்போது உலர்ந்திருக்கவில்லை. எதிரே நின்ற பயம் அந்நிய சர்க்காரைப் பற்றியதாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றியதாக மாறிவிட்டிருந்தது. கூட்டம் கூடும் உரிமையைக் கொடுக்கும்போதுகூட அமைதியாக, ஆயுதமின்றிக் கூடலாம் என்றுதான் நம் அரசியல் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த அன்று சென்னை ராஜ்யத்தின் தலைமை மந்திரியாக இருந்தவர் ராஜபாளையத்துக்காரர்: பூ. ச. குமாரசுவாமி ராஜா. காந்தி பக்தர், தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். படை இறங்கிய பாளையத்திலிருந்து வந்தவர், ஆயுத உரிமை என்று ஒன்று எழுதப்படாத அரசியல் சட்டத்தின்கீழ் சென்னைக்கு முதல் மந்திரியானார்.

ஆயுதம் என்ற விஷயம் மத்திய சர்க்காரின் பட்டியலில் போய்ச் சேர்ந்தது. ஆகவே நம் நாட்டில் மாநில சட்டசபையோ முனிசிபாலிட்டியோ தனியாகத் துப்பாக்கிச் சட்டம் போட்டுக்கொள்ள வழியில்லை. 1878 சட்டம் போய் 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. 1962 அக்டோபரில் அமலாயிற்று. அதில் வெள்ளைக்காரன், கறுப்பன் என்ற பேதமில்லை. உரிமத்திலேயே அது எவ்வளவு தூரம் செல்லும் என்று எழுதியிருக்கும்: ஒரு ஜில்லாவோ, மாநிலமோ, இந்தியா முழுதுமோ. குடி பெயர்ந்தால் போன இடத்து உரிம அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு 1983-ல் மூன்று என்று வரம்பு வந்தது. 2019-ல் அது இரண்டாகக் குறைந்தது.

குடிபெயர்வது என்று சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் இருந்த இடத்திலேயே இருந்தாலும் ஜில்லா அவனை விட்டுக் குடிபெயர்ந்துகொண்டே இருந்திருக்கிறது! 1910 வரை அவன் திருநெல்வேலி ஜில்லாக்காரன். அவ்வருஷம் ராமநாதபுரம் ஜில்லா பிறந்ததும் அதில் சேர்க்கப்பட்டான். ராமநாதபுரம் ஜில்லாவுக்குக் கலெக்டர் கச்சேரியோ வெகுகாலம் மதுரையில் இருந்தது. ஆக, ஒரு ஜில்லாவில் குடியிருந்து இன்னொரு ஜில்லாவின் தலைநகருக்கு மனுவோடு போய் வந்தான். 1985-ல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட ஜில்லா பிரிந்தபோது அதில் வந்து சேர்ந்தான். பாட்டனார் காலத்துத் துப்பாக்கி ஒன்று ஒரு வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தாலும், அதன் பெயர் மூன்று ஜில்லாக் கணக்குகளில் ஏறி இறங்கியிருக்கும்.

உள்ளூர்ப் பதிவேடு வேறொரு வாசல் வழியாக வந்தது. அந்த வாசலைத் திறந்தது ஓர் அணில்.

மேற்கு மலையில் சாம்பல் நிற மலை அணில் என்று ஒரு பிராணி உண்டு. உயர்ந்த மரங்களின் உச்சியில் கிளைக்குக் கிளை தாவி வாழ்வது. தரைக்கு வருவது அபூர்வம். தென்னிந்தியாவில் சில இடங்களிலும் இலங்கையிலுமன்றி உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதைக் காப்பதற்காக 1988 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மேற்கே ஏறக்குறைய 485 சதுர கிலோமீட்டர் காடு சரணாலயமாயிற்று. சரணாலயம் என்று அறிவித்தவுடன் வனவிலங்குச் சட்டத்தின் 34-வது பிரிவு விழித்துக்கொள்கிறது. சரணாலயத்துக்குள்ளோ, அதிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்ளோ குடியிருப்பவர், ஆயுத லைசென்ஸ் வைத்திருந்தால், மூன்று மாதத்துக்குள் வனத்துறைத் தலைமை அதிகாரியிடமோ அவர் நியமித்தவரிடமோ மனுச் செய்து தம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள் புதிதாக ஒருவருக்கு லைசென்ஸ் கொடுப்பதானால் வனத்துறைத் தலைமை அதிகாரியின் முன்சம்மதம் வேண்டும். கலெக்டர் தனித்துத் தீர்மானிக்க முடியாது.

காட்டின் ஓரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் கிழக்கே அளந்து பாருங்கள். மாந்தோப்பும் தென்னந்தோப்பும், கண்மாயும் நஞ்சையும், கிராமங்களும் எல்லாம் அந்த அளவுக்குள் வந்துவிடும். சேற்றூர்ப் பாளையக்காரரின் குதிரைகள் திரிந்த பூமி அது. 1801-ல் கிளைவ் பிரகடனம் பாய்ந்த அதே மண்ணில், 1988-ல் அணிலின் பெயரால் இன்னொரு கோடு விழுந்தது. 2021 பிப்ரவரியில் மேகமலைக் காட்டையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் ஐந்தாவது காப்பகம். கண்டனைக் கொன்ற புலிக்கு அவன் அண்ணன் பெயரிட்ட ஊரே காப்பிடமாயிற்று.

இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அவை முரண்படுகின்றன என்று தோன்றும். ஆயுதச் சட்டம் குடியானவனின் கழியையும் கைத்தடியையும் ஆயுதமாகக் கருதுவதில்லை. விவசாயத்துக்கே உரிய கருவிகளை ஒதுக்கிவிடுகிறது. வனவிலங்குச் சட்டமோ கத்தியையும் கண்ணியையும் விடுவதில்லை. முன்னது ஆளைப் பார்க்கிறது. பின்னது இடத்தைப் பார்க்கிறது. 'இவன் யோக்கியனா?' என்பது லைசென்ஸ் கேட்கும் கேள்வி. 'இந்த இடத்தில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது, யார் யார் கையில் இருக்கிறது?' என்பது பதிவேடு கேட்கும் கேள்வி. யோக்கியன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டதனால் இடத்தைப் பற்றிய கேள்வி தீர்ந்துவிடாது. கோயிலுக்குள் நுழைகிறவன் யோக்கியன்தான். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே போகிறான்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 34-வது பிரிவு லைசென்ஸ்காரர்களோடு நிற்கவில்லை; லைசென்ஸிலிருந்து விலக்குப் பெற்றவர்களும் பதிய வேண்டும் என்கிறது. வெள்ளைக்காரனுக்கு விலக்கு, விசுவாசிக்கு விலக்கு, பட்டக்காரருக்கு விலக்கு என்று நூறு வருஷத்துக்கு மேல் நடந்த கதையில், விலக்குப் பெற்றவனையும் வரிசையில் நிற்க வைத்த விதி இது. லிட்டன் பிரபு செய்யாததை ஓர் அணிலும் புலியும் செய்துவிட்டன.

ஆகவே பதிவேட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது.

ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில், பயிர்க் காவலுக்கென்று மெய்யாகக் கேட்கிற குடியானவனுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குப் பட்டால் வேறு துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். டில்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்களுக்குப் பயிர்க் காவல் என்றால் என்ன என்று தெரிந்திருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. 1959-ல் அந்தக் குடியானவனுக்கு அப்படி ஒரு காகிதம் கிடைத்தது. 1972-ல் வேறொரு சட்டம் வந்து, எந்தப் பன்றி பயிரைத் தின்கிறதோ அந்தப் பன்றியை அனுமதியின்றிச் சுடக் கூடாது என்றது. பயிரை அழிக்கிற மிருகத்தைச் சுட வனத்துறைத் தலைமை அதிகாரி அனுமதி கொடுக்கலாம் என்று 11-வது பிரிவு வழி வைத்திருக்கிறது, வாஸ்தவம். ஆனால் பன்றி வருவது ராத்திரி இரண்டு மணிக்கு. மனு எழுதி, அனுப்பி, உத்தரவு வாங்கி வருவதற்குள் அது நிலக்கடலையைக் கிளறிப்போட்டுவிட்டு மலையேறிவிடும். ஆக, அவன் வீட்டில் ஒரு காகிதம் துப்பாக்கி பயிரைக் காக்க என்கிறது. இன்னொரு காகிதம் பயிரைத் தின்பதைத் தொடாதே என்கிறது. மூன்றாவது காகிதம் பேரைப் பதிந்துகொள் என்கிறது. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படை என்று நாலாவது காகிதம் வருவதும் உண்டு. எல்லாரிடமும் ஒட்டுமொத்தமாக அப்படிக் கேட்பது சரியல்ல, அவசியமானவரை ஆராய்ந்து கேட்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

ராஜபாளையத்து நாய் ஒன்றுதான் இந்தக் காகிதங்களுக்கெல்லாம் அகப்படாமல் தப்பியிருக்கிறது. பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாய், பன்றி வேட்டைக்கென்றே வளர்த்த ஜாதி. 2005-ல் தபால் தலையிலும் அது இடம் பெற்றது. அதை வைத்துக்கொள்ள ஆயுத லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அதை ஏவி மிருகத்தைப் பிடித்தால் அதுவும் வேட்டைதான். குற்றம் நாயின் மேல் அல்ல, எஜமானன் மேல். கோட்டையும் வேட்டையும் காத்த வம்சம், இன்று தோப்பு வீட்டு வாசலில் குரைப்பதோடு திருப்திப்பட்டுக்கொண்டிருக்கிறது.

2025 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சர்க்கார் காட்டுப் பன்றி விஷயமாக ஒரு முடிவுக்கு வந்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது; ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட வேண்டும்; மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். மறுபடியும் தூரக் கணக்கு! குடியானவனின் துப்பாக்கிக்கு அதிலும் இடமில்லை. சர்க்கார் துப்பாக்கிக்கே இடம். இதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். இருட்டில் பன்றி என்று நினைத்துச் சுட்டால் பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரன் விழவும் கூடும். பன்றியை நோக்கி வைத்த வெடி யானையின் தும்பிக்கையைச் சிதைக்கவும் கூடும். கையில் துப்பாக்கி இருப்பவனெல்லாம் காட்டுக்கு நீதிபதியாகிவிட்டால் அணிலும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டான்.

ஆனால் கிளைவின் பிரகடனத்தில் இருந்த பேரத்தை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். 'ஆயுதத்தை வைத்துவிடு, உன்னையும் உன் சொத்தையும் நான் காக்கிறேன்' என்பதுதான் அன்று ஆண்டவர்கள் கொடுத்த வாக்கு. பாளையக்காரரிடம் ஊர்க்காவலை வாங்கிக்கொண்ட சர்க்கார், காவலையும் தானே ஏற்றுக்கொண்டது. இன்று மலையடிவாரத்தில் எழுதாமல் எழுதிய ஒப்பந்தமும் அதுவே. குடியானவன் தன் பெயரைப் பதிந்தான். துப்பாக்கியைச் சுவரில் மாட்டினான். கேட்டபோது ஸ்டேஷனிலும் கொண்டுபோய் வைத்தான். அவன் பக்கத்து வார்த்தை நிறைவேறிவிட்டது. ஒடிந்த தென்னங்கன்றுக்கும் மிதிபட்ட நெல்லுக்கும் நஷ்டஈடு, அடுத்த விதைப்புக்கு முன் அவன் கைக்கு வந்து சேருகிறதா என்பதில்தான் சர்க்காரின் பக்கத்து வார்த்தை அடங்கியிருக்கிறது.

எந்தச் சட்டம் பெரிது, எந்தப் பதிவேடு சிறிது என்ற வழக்கை நீதிமன்றங்கள் தீர்த்துவைக்கும். துப்பாக்கியின் பேர், நம்பர், சொந்தக்காரன், அவன் வீட்டுக்கும் காட்டுக்கும் உள்ள தூரம் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் அழகாக எழுதி வைத்திருக்கிறோம். அதே பக்கத்தில், அதே மையால், அவன் காணியில் போன வருஷம் எத்தனை மரக்கால் விளைச்சல் காட்டுக்குப் போயிற்று என்றும் ஒரு கட்டம் போட்டு எழுதினால் என்ன? பத்துக் கிலோமீட்டரை அவ்வளவு சரியாக அளக்கத் தெரிந்தவர்களுக்கு அதை அளப்பது பெரிய காரியமா?